தாதாவின் வீட்டை ஊர்ச் சொத்தாக்குவது எப்படி

கொலம்பியாவில் போதைப்பொருள் தாதா பாப்லோ எஸ்கோபாருக்கு ஒரு பண்ணை இருந்தது, பெயர் ஹசியெந்தா நாப்போலெஸ். அங்கே தனக்கென்று ஒரு மிருகக்காட்சிசாலையே வைத்திருந்தார். 1993-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், சொத்து அரசின் கைக்குப் போனது, அப்புறம் பல வருடங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. புதைத்து வைத்த பணம் கிடைக்கும் என்று ஆட்கள் வந்து தரையையும் சுவரையும் தோண்டிப் போட்டார்கள். மற்ற விலங்குகளை இடம் மாற்றியவர்கள் நீர்யானைகளை மட்டும் விட்டுவிட்டார்கள், அவற்றை யார் தூக்குவது! நான்கில் தொடங்கிய அந்தக் கூட்டம் பக்கத்து ஆற்றுக்குப் பரவி, நூறைத் தாண்டி, இன்றைக்கு அந்த நாட்டுக்கே தலைவலி. பண்ணை பின்னாளில் கேளிக்கைப் பூங்காவாக மாறியது என்பது வேறு கதை.

பறிமுதல் செய்த சொத்தைச் சும்மா போட்டு வைத்தால் எல்லா இடத்திலும் நீர்யானை வராது, ஆனால் வேறு ஒன்று வரும். பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டைத் தினமும் கடந்து போகிறவர்கள் மனதில், "அவன் இருந்தபோதாவது நாலு பேருக்கு வேலை கிடைத்தது, பிடுங்கிக்கொண்டு போனவர்கள் என்ன கிழித்தார்கள்?" என்று ஒரு கேள்வி விழும். பழைய முதலாளிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. அதனால் பறிமுதலான சொத்தை ஊருக்குப் பயன்பட வைக்கும் இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஊர்ச் சங்கம், கூட்டுறவு, இளைஞர் குழு யாராக இருந்தாலும் முதலில் மனதில் வைக்க வேண்டியது வேகம். சாவி கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் தாமதமாகிவிடும், யோசிக்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே முடித்து வையுங்கள்.

முதலில் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்

சொத்தைப் பிடுங்கும் சட்டமும் அதை மக்களுக்குக் கொடுக்கும் சட்டமும் ஒன்றாகப் பிறப்பதில்லை. இத்தாலியின் கதை இதற்கு நல்ல பாடம். மாஃபியாவைச் சிறையில் போட்டால் மட்டும் போதாது, அதன் பணத்தில் கை வைக்க வேண்டும் என்று சொல்லிச் சட்ட வரைவு கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரேயை 1982 ஏப்ரல் 30 அன்று பலேர்மோவில் கொன்றார்கள். அதே வருடம் செப்டம்பர் 3 அன்று, மாஃபியாவை ஒடுக்க அங்கே அனுப்பப்பட்ட ஜெனரல் தால்லா கியேசாவையும் கொன்றார்கள், பத்தே நாளில் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது பிடுங்க மட்டும்தான் வழி செய்தது. பிடுங்கிய வீடும் நிலமும் அரசுக் கணக்கில் தூங்கின. 1995-ல் பாதிரியார் லூயிஜி சோத்தி தொடங்கிய 'லிபெரா' அமைப்பு 10 லட்சம் கையெழுத்து திரட்டிய பிறகுதான், 1996 மார்ச்சில் 109-ஆம் எண் சட்டம் வந்தது. பறிமுதலான கட்டடமும் நிலமும் சமூகப் பயன்பாட்டுக்குப் போகலாம் என்று அதுதான் எழுதி வைத்தது. நடுவில் போனது 14 வருடம்.

ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, சொத்தை அப்படியே பயன்பாட்டுக்குக் கொடுக்க வழி இருக்கிறதா. இரண்டு, அது இல்லையென்றால், விற்ற பணத்தில் ஒரு பங்காவது சமூகத் திட்டங்களுக்குப் போகிறதா. இத்தாலி முதல் வகை. பிரான்சில் பறிமுதல் சொத்துகளை நிர்வகிக்க 2010-லேயே தனி நிறுவனம் உருவானாலும், கட்டடங்களைப் பொதுநல அமைப்புகளிடம் ஒப்படைக்க 2021-ல்தான் சட்டம் திறந்தது. ஸ்காட்லாந்து இரண்டாவது வகை. அங்கே 2008 முதல் 'கேஷ்பேக் ஃபார் கம்யூனிட்டீஸ்' என்ற திட்டத்தில் குற்றவாளிகளிடம் மீட்ட பணம் இளைஞர்களின் விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் போகிறது. இந்தியாவில் பிகார் 2009-ல் கொண்டுவந்த சிறப்பு நீதிமன்றச் சட்டத்தின்படி, ஊழல் வழக்கில் சிக்கிய ஓர் அதிகாரியின் வீட்டைப் பறிமுதல் செய்து 2011-ல் பாட்னாவில் பள்ளிக்கூடமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 உத்தரவு, உறுப்பு நாடுகள் இப்படிப்பட்ட பயன்பாட்டைப் பரிசீலிக்க வேண்டும் என்று மென்மையாகச் சொன்னது, 2024-ல் புதிய உத்தரவும் வந்துவிட்டது. உங்கள் ஊரில் சட்டம் எதுவும் இல்லையென்றால் இந்த உதாரணங்களை வைத்துத்தான் சட்டமன்ற உறுப்பினரிடம் பேச வேண்டியிருக்கும். அது நீண்ட வேலை, அதற்குத் தனியாக ஆள் வேண்டும்.

இங்கே நேர்மையாக ஒன்று. மோசடியில் பணம் இழந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் அந்தச் சொத்துக்கு முதல் உரிமை அவர்களுக்குத்தான். சீட்டுக் கம்பெனிக்காரனின் வீட்டை நூலகமாக்கி, சீட்டுப் போட்டு ஏமாந்தவர்களை அதன் வாசலில் நிற்க வைத்தால் எந்த ஊரும் மன்னிக்காது. போதைப்பொருள், மிரட்டிப் பணம் பறித்தல், லஞ்சம் மாதிரி பாதிப்பு ஊர் முழுக்கப் பரவிய குற்றங்களில்தான் 'ஊருக்கே திருப்பிக் கொடு' என்ற வாதம் நன்றாக நிற்கும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

செய்தித்தாளில் 'சொத்து பறிமுதல்' என்று வந்தால் பெரும்பாலும் அது முடக்கம்தான். விற்கவோ மாற்றவோ முடியாது, அவ்வளவே. அதன் பிறகு விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு, அதற்கும் மேல் ஒரு மேல்முறையீடு என்று போய், இறுதித் தீர்ப்பு வந்தால்தான் சொத்து உண்மையில் கை மாறும். இத்தாலியில் அதுவரை நீதிமன்றம் நியமித்த நிர்வாகி பார்த்துக்கொள்வார், இறுதியானதும் 2010-ல் உருவான தேசிய முகமை அதை அரசுத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ ஒதுக்கும். உள்ளாட்சி தானே நடத்தலாம், அல்லது சங்கத்துக்கோ கூட்டுறவுக்கோ வாடகை இல்லாமல் கொடுக்கலாம். முடக்க நிலையில் இருக்கும் சொத்தில் பணம் கொட்டாதீர்கள். மேல்முறையீட்டில் திரும்பிப் போய்விட்டால் நீங்கள் போட்ட டைல்ஸ் அவருக்கு இலவசம். ஆனால் திட்டம் போட, ஆள் சேர்க்க, நிதி தேட இந்தக் காலம்தான் சரியான காலம்.

பட்டியலை எப்படிப் பெறுவது

எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதுவும் நடக்காது. இத்தாலியில் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பறிமுதல் சொத்துகளின் பட்டியலை உள்ளாட்சி வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அப்படியும் வெளியிடாத நகராட்சிகள் ஏராளம், அவற்றைத் துரத்திக் கேட்பதையே லிபெரா ஒரு தொடர் வேலையாக வைத்திருக்கிறது. சட்டம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

தகவல் கேட்டு எழுதும்போது "உங்கள் எல்லைக்குள் பறிமுதல் செய்யப்பட்ட சொத்துகள் எத்தனை?" என்று கேட்காதீர்கள். "ஏழு" என்று பதில் வரும், கோப்பு மூடப்படும். இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு சொத்தின் முகவரி, நிலத்தின் அளவை எண், பரப்பு, கட்டடமா நிலமா, எந்தத் தேதியில் உங்கள் வசம் வந்தது, இன்றைய பயன்பாடு என்ன, யாருக்காவது கொடுத்திருந்தால் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, ஒப்பந்தத்தின் நகல். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'சமூகப் பயன்பாட்டில் உள்ளது' என்று ஏட்டில் இருக்கும் சில சொத்துகளுக்கு ஒப்பந்தமே இருக்காது. வேறு சிலவற்றில் ஒப்பந்தம் எப்போதோ முடிந்து போயிருக்கும்.

நேரில் போய்ப் பாருங்கள், கொத்தனாரோடு

பட்டியலில் 'இரண்டு மாடி வீடு, நல்ல நிலை' என்று இருக்கும். கதவைத் திறந்தால் கதவே கையோடு வரும். காலி செய்யச் சொல்லும் உத்தரவு வந்ததும், போகிற போக்கில் வீட்டை நாசம் செய்துவிட்டுப் போவது இந்த ஆட்களுக்குப் பழக்கம். கழிவறைப் பீங்கான் உடைந்திருக்கும், குழாய் பிடுங்கப்பட்டிருக்கும், சுவரில் மின்கம்பி போன தடம் மட்டும் நீளமாகப் பள்ளமாக இருக்கும், செம்புக் கம்பியை உருவி எடுத்திருப்பார்கள். பளிங்குத் தரையில் நடுவில் மட்டும் சம்மட்டி அடி. "எனக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை" என்பதை அவர்கள் எழுதி வைக்கிற விதம் அது. அதனால் போகும்போது ஒரு கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அறை அறையாகப் படம் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள்.

காகிதத்திலும் இதே மாதிரிச் சேதம் இருக்கும். தாதா வீடு கட்டும்போது அனுமதியெல்லாம் வாங்கியிருக்க மாட்டார், யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? இப்போது அதே கட்டடத்தில் நீங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்கப் போனால் அலுவலகம் விதிமீறலைக் காட்டி நிறுத்தும். வங்கிக் கடன், பாதிப் பங்கு அண்ணன் பெயரில், மாடியில் இன்னும் மாமியார் குடியிருக்கிறார் என்று வில்லங்கம் பல தினுசில் வரும். பாதிப் பங்கு மட்டும் பறிமுதலான சொத்தைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி, மறுபாதிக்காரர் யார் என்று யோசித்தாலே காரணம் புரியும். மற்ற வில்லங்கங்களை ஒப்பந்தத்துக்கு முன்பே அரசு தீர்த்துத் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டு நில்லுங்கள்.

என்ன செய்யப் போகிறீர்கள்?

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். பங்களாவைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது 'விழிப்புணர்வு மையம்'. திறப்பு விழா நடக்கும், மேயர் ரிப்பன் வெட்டுவார், ஆறு மாதத்தில் வாரம் ஒரு நாள்தான் திறந்திருக்கும். அக்கம்பக்கத்தில் போய் முதலில் கேளுங்கள். இருபது வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், பள்ளி விட்டதும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், வயதானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அடி வாங்கி வீட்டை விட்டு வரும் பெண்ணுக்கு இரவு தங்க இடம் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதில் எது தினமும் ஆள் வந்து போகும் வேலையோ அதைத் தேர்ந்தெடுங்கள். விளக்கு தினமும் எரிய வேண்டும். தங்குமிடமாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு எச்சரிக்கை: ஊரே அறிந்த தாதா வீட்டில் ஒளிந்திருக்க வேண்டிய பெண்ணை வைக்க முடியாது. அதற்கு யாருக்கும் தெரியாத ஒரு சாதாரண ஃபிளாட்தான் சரி.

இத்தாலியில் கமோர்ராவின், அதாவது நேப்பிள்ஸ் பக்கத்து மாஃபியாவின், கோட்டையாக இருந்த காசல் டி பிரின்சிபே பகுதியைப் பாருங்கள். 1994-ல் அந்த ஊர்ப் பாதிரியார் பெப்பே தியானாவைத் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அதே பகுதியில் பிறகு ஒரு கூட்டுறவு உணவகம் தொடங்கியது, மனநலச் சிக்கல்களிலிருந்து மீண்டு வருகிறவர்கள் அதில் வேலை செய்தார்கள். பெயர் 'நுவோவா குச்சீனா ஓர்கனிட்சாத்தா', அதாவது புதிய அமைப்புச் சமையல். பழைய கும்பல் ஒன்றின் பெயர் 'நுவோவா கமோர்ரா ஓர்கனிட்சாத்தா', சுருக்கெழுத்து இரண்டுக்கும் ஒன்றே! பயத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சிரிப்பை வைத்தார்கள். நூறு விழிப்புணர்வுக் கூட்டம் செய்யாததை அந்தப் பெயர்ப்பலகை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சில இடங்கள் மட்டும் விதிவிலக்கு. சிசிலியில் சான் ஜூசெப்பே யாத்தோ அருகே ஒரு வீட்டில், மாஃபியாவுக்கு எதிராக வாய் திறந்தவரின் மகனை, கடத்தப்பட்டபோது 12 வயதே ஆன பையனை, அடைத்து வைத்து 1996 ஜனவரியில் கொன்றார்கள். அந்த இடம் இன்று நினைவுத் தோட்டம். அங்கே போய் உணவகம் நடத்த முடியாது. எது எந்த வகை என்று ஊருக்கே தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

நிலமாக இருந்தால் விவசாயம். அதே சான் ஜூசெப்பே யாத்தோவில் 2001-ல் தொடங்கிய கூட்டுறவுக்கு, 1948-ல் மாஃபியா கொன்ற தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரிட்சோத்தோவின் பெயர். பறிமுதல் நிலத்தில் கோதுமையும் திராட்சையும் விளைவித்து, பாஸ்தாவும் ஒயினுமாக 'லிபெரா தெர்ரா' என்ற முத்திரையில் விற்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அனுதாபத்துக்காக ஒரு தடவை வாங்குவார்கள், இரண்டாவது தடவை ருசிக்காகத்தான் வாங்குவார்கள். தரத்தில் செலவு செய்யுங்கள்.

கம்பெனிகளைப் பற்றி

ஓடிக்கொண்டிருக்கும் தொழில் பறிமுதலானால் அதுதான் ஆகக் கடினம். நீதிமன்றம் கை வைத்த மறுநாளே வங்கி கடனை நிறுத்தும், சப்ளை செய்கிறவர் ரொக்கம் கேட்பார், வாடிக்கையாளர் காணாமல் போவார். அதுவரை வரி கட்டாமல், ஆட்களைக் கணக்கில் காட்டாமல், போட்டியாளரை மிரட்டி ஓடிய தொழில் திடீரென்று சட்டப்படி நடக்கும்போது செலவு எகிறும். சிசிலியின் த்ராபானியில் ஒரு கான்கிரீட் ஆலைக்கு இதுதான் நடந்தது. பறிமுதலான பிறகு ஆர்டர்கள் வற்றின. அதை முடக்கி, அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்கிவிடுவதுதான் கும்பலின் திட்டம். தொழிலாளர்கள் விடவில்லை, கூட்டுறவாகச் சேர்ந்து ஆலையை எடுத்துக்கொண்டார்கள், இடிபாட்டுக் கழிவை மறுசுழற்சி செய்யும் பிரிவையும் சேர்த்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நின்ற அரசு அதிகாரிகளும் இருந்தார்கள். அதனால் கம்பெனியைத் தொட நினைத்தால் முதலில் அங்கே வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் தயாராக இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது.

வண்டி, நகை, பணத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. செக் நாட்டுக் காவல்துறை 2023-ல் ஒரு பறிமுதல் ஃபெராரியை ரோந்து வண்டியாக்கிப் படம் காட்டியது, பார்க்க ஜோர், ஊருக்கு அதனால் என்ன என்று கேட்டால் பதில் கொஞ்சம் மெலிந்துதான் வரும். அதே வருடம் லாட்வியா, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் பிடித்த கார்களை உக்ரைனுக்கு அனுப்பியது. ரொக்கமாக இருந்தால் அது அரசின் பொதுக் கணக்கில் கரையாமல் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். லஞ்ச வழக்கில் சுவிட்சர்லாந்தில் முடங்கிய சுமார் 8.4 கோடி டாலரைக் கசகஸ்தானுக்குத் திருப்பியபோது, அரசின் கையில் கொடுக்காமல் 'போத்தா' என்ற அறக்கட்டளை வழியாக ஏழைக் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் கொண்டுபோனார்கள். பணம் வருகிற வழியை முன்கூட்டியே எழுதிக்கொள்வது எப்படி என்று பார்க்க அது நல்ல மாதிரி.

ஏலம் என்றால் எச்சரிக்கை. பினாமி வைத்து வாங்கிய வீட்டை இன்னொரு பினாமி வைத்துத் திரும்ப வாங்குவது அவர்களுக்குப் பெரிய காரியமா என்ன? இத்தாலியில் 2018-ல் தனியாருக்கு விற்கும் வழியை அகலமாக்கியபோது எதிர்ப்பு கிளம்பியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒப்பந்தமும் மாதச் செலவும்

மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பழுது பார்த்து முடிக்கவே ஒன்றரை வருடம் ஆகும், மீதியில் அடுத்த புதுப்பித்தலுக்கு அலைவீர்கள். பத்து வருடமாவது கேளுங்கள். கூரையும் அடித்தளமும் யார் செலவு, சொத்து வரி யார் தலையில், காப்பீடு யார் பெயரில், அரசு நடுவில் திரும்பக் கேட்டால் நீங்கள் போட்ட பணத்துக்கு என்ன கணக்கு, இவையெல்லாம் தெளிவாக இருக்கட்டும். உள்வாடகைக்கு விடமாட்டோம் என்று நீங்களே ஒரு வரி சேருங்கள், நம்பிக்கை வரும்.

அரசு கொடுப்பது சுவரை மட்டும்தான். கரண்ட் பில், ஒரு முழுநேர ஆளின் சம்பளம், காவல், பராமரிப்பு, இதை மாதக் கணக்காக எழுதி 36-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையில் பாதிக்காவது வழி தெரியவில்லையென்றால் இன்னொரு அமைப்போடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். பழுதுக்கு மானியம் கிடைத்துவிடும், புகைப்படம் எடுக்க வசதியான செலவு அது. மாதச் சம்பளத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

உறுப்பினர் பட்டியலையும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். பழைய உரிமையாளரின் உறவினர், கூட்டாளி, கணக்கு எழுதியவர் யாராவது பின்வாசல் வழியாக வந்திருக்கலாம். சங்கடமான வேலைதான், ஆனாலும் செய்ய வேண்டும்.

மிரட்டல் வந்தால்

வரலாம். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் ஜோயா தவ்ரோ சமவெளியில் பறிமுதல் நிலத்தில் விவசாயம் செய்யும் 'வல்லே தெல் மார்ரோ' கூட்டுறவின் ஆலிவ் மரங்களைத் திரும்பத் திரும்ப எரித்திருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் மிரட்டல் அவ்வளவு சத்தமாக வராது. வண்டி வாடகைக்குத் தருகிறேன் என்றவர் போனை எடுக்கமாட்டார், பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்பார், நாளை வராது. இதற்கெல்லாம் ஒரே மருந்து கூட்டம். லிபெரா கோடைதோறும் இளைஞர்களை நாடு முழுவதிலிருந்தும் அழைத்துவந்து இந்த நிலங்களில் வேலை செய்ய வைக்கிறது. களை எடுப்பது பாதி, நாங்கள் தனியாக இல்லை என்று காட்டுவது மீதி. ஒரே ஒருவரை முகமாக முன்னிறுத்தாதீர்கள், குறி அவர்மேல் விழும். எது நடந்தாலும் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள், உடைந்த கண்ணாடியை அந்த வாரத்திலேயே மாற்றுங்கள். உடைந்தபடி ஒரு மாதம் இருந்தால் அடுத்த கல்லும் வரும்.

சாவி கிடைத்த நாளில்

சாவி வாங்கும்போது அதிகாரி முன்னிலையில் மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் பிடித்து, பழைய பாக்கி உங்களுடையது இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களை உள்ளே கூப்பிட்டுச் சுற்றிக் காட்டுங்கள், அவர்களில் பலர் பல வருடமாக அந்த மதில் சுவரை மட்டுமே பார்த்தவர்கள். அப்புறம் சாயங்காலத்துக்குள் பூட்டு ரிப்பேர்க்காரரை வரவழைத்து எல்லாப் பூட்டையும் மாற்றிவிடுங்கள், பின்பக்கக் கதவு, மொட்டை மாடிக் கதவு உட்பட. பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.